குளத்து நீரும் வயற் காய்ச்சலும்



அம்பாறை மாவட்டத்தின் விவசாய ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையில் இருக்கிறது. அவரது கணவர் வேளாண்மைக்காரர். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் காய்ச்சலோடு வீடு வந்திருக்கிறார். "வெயிலில் நின்ற அலுப்பு" என்று சொல்லி, இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாளும் வட்டைக்குப் போனார். நான்காம் நாள் கெண்டைக்கால் வலியால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. கண்கள் சிவந்துவிட்டன, சிறுநீர் குறைந்துவிட்டது. எலிக்காய்ச்சல் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். பத்து நாட்கள் வார்ட்டில் கிடந்து, அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு திரும்பினார். அதே போகத்தில் அதே வட்டையில் கூலிக்கு நின்ற பக்கத்து வீட்டு இளைஞன் திரும்பவில்லை.

அந்தச் சகோதரி கேட்கிறார்: "எங்கள் மூத்தவாப்பா காலத்திலிருந்து இதே வட்டையில், இதே குளத்துத் தண்ணீரில்தானே நின்றார்கள்? இப்போது ஏன் இப்படி நடக்கிறது? தண்ணீரிலிருந்த பரக்கத் போய்விட்டதா?"

நியாயமான கேள்வி. தண்ணீரின் பரக்கத் போய்விடவில்லை. ஆனால் தண்ணீரை நாம் தேக்கிவைக்கும் முறையும், மழை பெய்யும் முறையும், நாம் பயிர் செய்யும் முறையும் மாறியிருக்கின்றன. அந்த மாற்றம் வீட்டு வாசலுக்குக் காய்ச்சலாக வந்து நிற்கிறது. இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

அணை தந்த வாழ்வு

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதி வயல்களுக்கு வரும் நீரில் பெரும்பகுதி இங்கினியாகலையில் தேக்கப்பட்ட நீர். பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயாவை மறித்து, 1949இல் அந்த வேலை தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் இன்றும் நம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். வானம் பார்த்துக் கிடந்த காணிகளில் இரண்டு போகம் விளைந்தது இந்த அணையால்தான். அதன் பின் மகாவலித் திட்டம் வந்தது. மாதுறு ஓயா, விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று 1980களில் அணைகள் வரிசையாக எழுந்தன. இவற்றின் நீரையும் மின்சாரத்தையும் அனுபவிக்காத வீடு நம் நாட்டில் குறைவு. ஆகவே அணையைக் குறை சொல்வது நன்றிகேடாகும்.

ஆனாலும் ஒன்றை மறந்துவிடலாகாது. ஓடும் நீருக்கு ஒரு குணம், நிற்கும் நீருக்கு வேறொரு குணம். ஓடும் நீர் அழுக்கை அள்ளிக்கொண்டு போகும். நிற்கும் நீர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அணை கட்டும்போது ஓர் ஆற்றின் ஒரு பகுதி நிற்கும் நீராகிவிடுகிறது. அணைக்கு மேலே குளம் நிற்கிறது. அணைக்குக் கீழே நீர் வற்றும்போது ஆற்றுப்படுக்கையில் குட்டைகள் நிற்கின்றன. வயலிலும் வாய்க்காலிலும் வருடத்தில் பல மாதங்கள் நீர் நிற்கிறது. நுளம்புக்கும் எலிக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் இவை வசதியான குடியிருப்புகள்.

ஆறு வற்றினால் காய்ச்சல்

மலேரியாவின் கதை இதற்கு நல்ல சாட்சி. மழை கூடினால்தான் நுளம்பு பெருகும் என்று நாம் நினைக்கிறோம். 1934இல் நடந்தது அதற்கு நேர்மாறானது. அவ்வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் நிறைந்து ஓடும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணலுக்கும் பாறைக்கும் இடையே தெளிந்த குட்டைகளாக நின்றன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு அந்தக் குட்டைகளில் பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஊர் ஊராகக் காய்ச்சல் பரவி, 1935 நடுப்பகுதிக்குள் சுமார் 80,000 பேர் இறந்தனர். மலேரியாவுக்குப் பழகாத ஊர்கள் அவை. உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் இழப்பு பெரிதாயிற்று.

ஐம்பது வருடங்களுக்குப் பின் அதே பாடம் வேறு வடிவில் வந்தது. மேலே அணைகள் கட்டி மகாவலியின் நீரைத் தடுத்தபோது, கண்டிப் பக்கத்தில் ஆற்றின் ஓட்டம் குறைந்து படுக்கையில் குட்டைகள் உண்டாயின. 1980களின் பிற்பகுதியில், முன்னர் மலேரியா தெரியாத ஆற்றங்கரைக் கிராமங்களில் அது தலைகாட்டியது. 1934இல் வானம் செய்ததை இம்முறை அணை செய்தது. ஈரவலயத்திலிருந்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனவர்களுக்கும் இதே நிலைதான். சுவரும் கதவும் முழுமையாகாத குடிசையில், எதிர்ப்புச் சக்தியில்லாத உடலோடு, நுளம்பின் நடுவே முதல் வருடங்களைக் கழித்தார்கள்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவும் உண்டு. 1963இல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகளே பதிவாயினர். நோய் போய்விட்டது என்று கவனத்தைத் தளர்த்தியதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. மீண்டும் பல வருடங்கள் இரத்தப் பரிசோதனை, மருந்து தெளித்தல், நுளம்பு வலை, நடமாடும் வைத்தியக் குழுக்கள் என்று பாடுபட்டு, 2012 ஒக்டோபரில் கடைசி உள்நாட்டு நோயாளியைக் கண்டார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. போர்க்காலத்திலும் கைவிடப்படாத வேலை அது. அணையை உடைக்காமலே, வயலை மூடாமலே அந்த நோயை வெல்ல முடிந்தது. இனி நாம் பேசப்போகும் நோய்களுக்கும் அந்த நம்பிக்கையோடு வருவோம். ஆனால் அனோபிலிஸ் நுளம்பு நாட்டை விட்டுப் போய்விடவில்லை. 2016இன் இறுதியில் மன்னாரில் அதன் புதிய இனமொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் இனம். வெளிநாட்டிலிருந்து வந்த மகனுக்கோ கணவருக்கோ காய்ச்சல் கண்டால், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வானிலை என்ன செய்கிறது?

உலகம் சூடாகிறது என்று வானொலியிலும் பத்திரிகையிலும் அடிக்கடி கேட்கிறோம். நம் வயலுக்கு அதன் பொருள் என்ன? காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமான நீராவியைச் சுமக்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் நிலத்திலும் குளத்திலும் உள்ள நீரை வேகமாக உறிஞ்சிவிடுகிறது. நம் கிழக்கிலேயே கண்டோம். 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கின. 2016, 2017இல் நாற்பது வருடங்களில் காணாத வரட்சி வந்தது. 2024 நவம்பர் மழையில், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் இழுத்துச் சென்றதை எந்தத் தாய் மறப்பாள்? அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

வெள்ளமும் வரட்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. நோயைப் பொறுத்தவரை இரண்டும் கூட்டாளிகள். வரட்சியில் குளம் சுருங்கி, மாடும் மனிதனும் நாயும் ஒரே குட்டைக்கு வருகிறார்கள். வெள்ளத்தில் எலி வளைகள் நிறைந்து, எலிகள் மேட்டுக்கும் வீட்டுக்கும் ஏறுகின்றன. மலசலகூடக் குழியின் நீர் கிணற்றோடு கலக்கிறது.

எலிக்காய்ச்சல் வரும் வழி

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி எலியின் சிறுநீரில் வெளியாகிறது. மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இருக்கக்கூடும். ஈரமான சேற்றிலும் நன்னீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு கீறல், பித்தவெடிப்பு, நீரில் ஊறி மெலிந்த தோல், கண், வாய், மூக்கு வழியாக உடலுக்குள் போகிறது. போன உடனே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்கள் கழித்து வருவதால், வயலையும் காய்ச்சலையும் தொடர்புபடுத்த நமக்குத் தோன்றுவதில்லை.

அந்தக் காலத்தில் இந்நோய் இருக்கவில்லை என்பதல்ல. காய்ச்சல் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். ஆயினும் இன்று ஆபத்துக் கூடியிருப்பது உண்மை. இரண்டு போகம் விளைவதால் எலிக்கு வருடம் முழுவதும் தீனி கிடைக்கிறது. வரம்பில் அதற்கு வளை உண்டு, வாய்க்காலில் நீர் உண்டு. இவற்றோடு திடீர் வெள்ளமும் சேரும்போது நோய் பெருகுகிறது. 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டு, சுமார் 200 பேர் இறந்தனர். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், யாழ்ப்பாணத்தில் சில நாட்களுக்குள் பலர் காய்ச்சலால் இறந்தபோது, பரிசோதனையில் தெரிந்ததும் இதே நோய்தான். விதைப்புக்கு வயல் பண்படுத்தும் காலமும் அறுவடைக் காலமும் இதற்குரிய காலங்கள்.

சகோதரிகளே, இந்த நோயில் உங்கள் பங்கு பெரியது. ஏனென்றால் வேளாண்மைக்காரன் தன் நோயைச் சொல்லமாட்டான். அறுவடை நாளில் ஒரு நாள் கிடந்தால் கூலி போகும், மழை வந்தால் நெல் போகும், கடன் அப்படியே நிற்கும். அவன் மறைப்பதைக் கண்டுகொள்பவள் வீட்டிலிருப்பவள்தான். வயலுக்குப் போய்வருபவருக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு விடயங்களைப் பாருங்கள். கெண்டைக்காலை மெல்ல அழுத்தினால் வலிக்கிறதா? பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா, நிறம் கடுத்திருக்கிறதா? மூச்சுத் திணறலோ, இருமலில் இரத்தமோ உண்டா? முதலிரண்டில் ஒன்று இருந்தாலே அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும். கடைசி இரண்டில் ஒன்று கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். "இவர் வயலில் வேலை செய்பவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண மருந்துகளாலேயே குணமாகும் நோய் இது. பிந்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் தாக்கும். உடம்பு வலி தாங்கவில்லையென்று கடையில் கடுமையான வலிமாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் வலுவிழந்திருக்கும் நேரத்தில் அது கேடு செய்யும்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், வயலில் இறங்குவோருக்கு டொக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வேலை தொடங்குமுன் ஆரம்பித்து, அந்தக் காலம் முடியும்வரை வாரம் ஒரு முறை சாப்பாட்டுக்குப் பின் எடுக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். சப்பாத்துப் போட்டுக்கொண்டு சேற்றில் கால் எடுத்துவைக்க முடியாது என்று ஆண்கள் சொல்வது பொய்யல்ல. அதனால்தான் மாத்திரையும், காயத்தை மூடிக் கட்டுவதும் முக்கியமாகின்றன. வயலால் வந்ததும் சவர்க்காரமிட்டுக் கால் கழுவச் சொல்லுங்கள். சேற்று உடுப்பைத் துவைக்கும் உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். நெல் மூட்டையைப் படுக்கையறையில் அடுக்கினால் எலியையும் கூடவே அழைக்கிறோம். மூட்டையைப் பலகைமேல், சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

தாஹிரான நீரும் ஆரோக்கியமான நீரும்

இங்கே மார்க்கம் படித்தவன் என்ற முறையில் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். பல வீடுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. "குளத்து நீர் வுழூவுக்குக் கூடும்தானே, பிறகென்ன பயம்?" என்கிறார்கள். நம் ஷாபிஈ ஃபிக்ஹில், இரண்டு குல்லத்தளவு நிறைந்த நீர், நஜீஸ் விழுந்து நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை, சுத்தமானது. இது தொழுகைக்கான சட்டம். எலிக்காய்ச்சல் கிருமியோ நிறத்தையும் மாற்றாது, மணத்தையும் மாற்றாது. வுழூவுக்குக் கூடும் என்பதால் வாய்க்குள் எடுக்கவும் குடிக்கவும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பதும் அதே ஃபிக்ஹு கிதாபுகளில் உள்ள அடிப்படைதான். வயலில் நிற்பவர் ஒரு போத்தல் கிணற்று நீரைக் கையோடு கொண்டுபோய், வாய் கொப்பளிக்கவும் மூக்குக்கு நீர் செலுத்தவும் அதைப் பாவிப்பது ஒரு சிரமமல்ல. நீர் பட்டால் தீங்காகும் அளவுக்குக் காயமோ நோயோ உள்ளவருக்கு வேறு வழிகளை மார்க்கம் வைத்திருக்கிறது. அதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீரெடுக்கும் துறைகளிலும் மனிதர் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதையும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கச் சொன்னார்கள். வுழூவின் ஃபர்ளு சுன்னத்துகளோடு இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். குளத்தங்கரையில் ஒதுங்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

செனகல் நதிக்கரையில் நடந்தது

நிற்கும் நீரின் குணத்தை மேற்கு ஆபிரிக்க முஸ்லிம் நாடான செனகலும் கண்டது. 1970களின் கடும் வரட்சியால் மக்கள் வாடினர். கோடையில் கடல்நீர் செனகல் ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறி வயலைக் கெடுத்தது. அதைத் தடுக்க 1986இல் டியாமா என்ற இடத்தில் அணை கட்டினார்கள். உப்பு நின்றது, கரும்பும் நெல்லும் செழித்தன. ஆனால் உப்பில்லாத, ஓட்டமில்லாத அந்த நீரில் நீர்த்தாவரம் மண்டியது. அதில் ஒருவகை நத்தை பெருகியது. அந்த நத்தையில் வளரும் புழு நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலிலும் ஈரலிலும் நோயை உண்டாக்கும். 1988இல் ரிச்சர்ட்-டோல் என்ற ஊரில் முதல் நோயாளிகளைக் கண்டார்கள். சில வருடங்களுக்குள் அப்பகுதிக் கிராமங்களில் பெரும்பாலானோர் உடலில் அந்தப் புழு இருந்தது. துணி துவைக்கும் பெண்களும் குளிக்கும் பிள்ளைகளும் முதலில் அகப்பட்டார்கள்.

காரணத்தைத் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஆற்றில் முன்பு வாழ்ந்த பெரிய இறால் நத்தையைத் தின்னும். அது முகத்துவாரத்துக்குப் போய்க் குஞ்சு பொரிப்பது. அணை அதன் பாதையை மறித்துவிட்டது. நத்தையைத் தின்ன ஆளில்லாமல் போயிற்று. பின்னர் ஆய்வாளர்கள் ஒரு கிராமத்தின் நீர்த்துறையில் இறாலை விட்டுப் பார்த்தார்கள், நோயுள்ள நத்தைகள் வெகுவாகக் குறைந்தன. வேறு கிராமங்களில் நீர்த்துறைகளிலிருந்த தாவரத்தை அள்ளி, கால்நடைத் தீனியாகவும் வயலுக்குப் பசளையாகவும் பாவித்தார்கள். அங்கும் பிள்ளைகளிடையே நோய் குறைந்தது. அல்லாஹ்வின் படைப்பில் ஓர் இறாலுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அந்தப் புழுநோய் நம் நாட்டில் இல்லை. ஆயினும் வாய்க்காலைத் துப்புரவு செய்வது நோய் தடுக்கும் வேலை என்ற பாடம் நமக்கும் உரியதே. அநுராதபுரப் பக்கத்தில், ஹுருலு வெவக் குளத்துக்கு நீர் கொண்டுபோகும் யான் ஓயாவில் 1990களில் செய்த ஆய்வும் இதையே சொன்னது. ஓடையில் நீர் குறைந்து குட்டை கட்டும்போது மலேரியா நுளம்பு பெருகுகிறது. நீரை முறையாகத் திறந்துவிட்டு மட்டத்தைப் பேணினால் அது குறைகிறது.

சேமித்த நீரும் வரண்ட உடலும்

வரட்சி வந்து குழாய்நீர் நின்றால் பெண்கள் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். பீப்பா, வாளி, சட்டி, பானை எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடுகிறது. 2017இல் 186,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்து, 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நுளம்பின் முட்டை, நீர் ஊற்றப்பட்ட பின்னும் பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தும்பினால் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். வெள்ளிக்கிழமை காலையை அதற்கென்று வைத்துக்கொண்டால் மறவாது.

வடமத்திய மாகாணத்திலும், மகாவலிக் குடியேற்றமான கிராந்துருக்கோட்டைப் பகுதியிலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயையும் சொல்லவேண்டும். 1990களின் நடுப்பகுதியில் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் சத்தமில்லாமல் செயலிழக்கிறது. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் குடியாமல் உழைப்பது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. முடிவான ஒரே காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. ஊற்று நீர் குடிப்பவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு விடயங்களில் நாம் கவனமெடுக்கலாம். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வோம். வெயிலில் உழைப்பவர் போதிய நீர் குடிக்கிறாரா என்று பார்ப்போம். வயலுக்குச் சோறு கட்டும்போது, நீர்ப் போத்தல் காலியாகத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள்.

றமழான் பெரும்போக அறுவடையோடு சேரும் வருடங்களில் இது இன்னும் முக்கியம். 2025இல் மார்ச் மாதம் முழுக்க நோன்பும் இருந்தது, வெட்டும் இருந்தது. ஸஹருக்குப் பின் உடனே வயலுக்குப் போய், ளுஹருக்கு முன் வேலையை முடிக்கும்படி கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லலாம். இப்தாரிலிருந்து ஸஹர்வரை நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். சிறுநீரக நோயுள்ளவர் நோன்பு நோற்பதா என்பதை முதலில் வைத்தியரிடம் கேட்கவேண்டும். நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அந்தச் சலுகையை எடுப்பது ஈமானின் குறைவு என்று வீட்டுப் பெரியவர்கள் பேசவேண்டாம்.

நாம் செய்யவேண்டியவை

வெள்ளம் வடிந்த பின் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் அளவு சொல்லித் தருவார். அதுவரை நீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவைத்துக் குடியுங்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் ஜீவனியைக் கரைத்துக் கொடுங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். வெள்ள நீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

தனி வீடு மட்டும் முயன்றால் போதாது. மேல் வாய்க்காலில் உள்ளவன் அடைத்தால் கீழ் வாய்க்காலில் உள்ளவனுக்குக் குட்டைதான் மிஞ்சும். 1980களில் கல்லோயா இடதுகரையில் விவசாயிகளே குழுக்கள் அமைத்து வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். மேலேயுள்ள சிங்கள விவசாயிகள், கடைமடையிலிருந்த தமிழ்பேசும் விவசாயிகளுக்கும் நீர் போய்ச்சேர விட்டுக்கொடுத்தார்கள். இன முரண்பாடு கூர்மையாகிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. நோய் தடுக்கவும் அந்த ஒற்றுமை வேண்டும். விதைப்புக்கு முன் ஊராகச் சேர்ந்து சிரமதானம் செய்யலாம். மாத்திரை கொடுக்கும் நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி நிர்வாகத்திடம் நீங்கள் கேட்கலாம். மாதர் சங்கம் இருக்கும் ஊரில், கூலிக்கு வரும் வெளியூர் இளைஞர்களின் பட்டியலைச் சுகாதாரப் பணிமனைக்குக் கொடுக்கலாம். காணிக்காரர் வீட்டில் மாத்திரை இருக்கும், கூலிக்காரன் வீட்டில் இருக்காது. அவனும் ஒரு தாயின் பிள்ளை.

அடுத்த விதைப்பு வருமுன் இரண்டு காரியங்களை நிய்யத் வையுங்கள். உங்கள் வீட்டு வேளாண்மைக்காரரின் காலைப் பார்த்து, வெடிப்புக்கும் காயத்துக்கும் மருந்து போடுங்கள். சுகாதாரப் பணிமனையில் மாத்திரை கொடுக்கும் நாளைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்துவையுங்கள். நம் குளங்களிலும் வயல்களிலும் வீடுகளிலும் அல்லாஹ் பரக்கத்தையும் ஆபியத்தையும் நிறைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.